செண்பகனூர் மணிச் சத்தம்

கொடைக்கானலுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் சில்வர் காஸ்கேட் அருவியில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு நேரே ஏரிக்குப் போய்விடுவார்கள். நடுவில் வருகிற செண்பகனூர் அவர்களுக்கு ஜன்னல் வழியே தெரிகிற ஒரு பெயர்ப் பலகை. எங்களுக்கு அதுதான் ஊர். சரிவில் படிப்படியாகப் பூண்டும் பீன்ஸும் போட்ட காடுகள், பேரி மரங்கள், தகரம் வேய்ந்த வீடுகள், அதற்குமேல் கல்லால் எழுப்பிய திரு இருதயக் கல்லூரி. கல்லூரி என்று பெயரே தவிர, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அங்கே பி.ஏ. படிக்கப் போனதில்லை. சேசு சபையில் சாமியாராகப் போகிறவர்களுக்கான இடமாக அது இருந்தது.

1895இல் அது தொடங்கப்பட்டபோது வத்தலக்குண்டு ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து ஏறிவரும் குதிரைப் பாதைதான் இருந்தது. துரைமார்கள் டோலியில் வந்தார்கள். சாமான்கள் கூலியாட்களின் தலையில் வந்தன. சன்னல் கண்ணாடி, லத்தீன் புத்தகப் பெட்டி, பூசைப் பாத்திரம் என்று கீழிருந்து வந்த ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கழுத்து வலிக்கச் சுமந்து கொண்டுவந்தது. மலைமேல் அமைதியைத் தேடிப் போனவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்த அமைதியைச் சுமந்து ஏற்றியவர்களைப் பற்றி ஒரு வரியும் நான் படித்ததில்லை. அப்பா அந்தக் கல்லூரித் தோட்டத்தில் வேலை பார்த்தவர் என்பதால் எனக்கு இது முதலில் தோன்றுகிறது.

விடியுமுன் மணி அடிக்கும். மார்கழிப் பனியில் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும்போது அந்தச் சத்தம் கேட்டால், மேலே வெள்ளை அங்கி போட்ட அண்ணன்கள் குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு வரிசையாகக் கோயிலுக்குப் போகிறார்கள் என்று தெரியும். பிரதர்கள் என்போம். வாரத்தில் ஒரு நாள் அவர்கள் மலைமலையாக நடக்கப் போவார்கள். அன்றைக்குத்தான் அவர்கள் சிரிப்பதைக் கேட்கலாம். மற்ற நாட்களில் மௌனம்தான். சாப்பாட்டுக்கூடத்தில்கூடப் பேச்சில்லை. ஒருவர் மேடையில் நின்று புத்தகம் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்கள். உப்பு வேண்டுமென்றால் வாய் திறந்து கேட்கக்கூடாது, பக்கத்தில் இருப்பவர்தான் தட்டைப் பார்த்து நகர்த்தி வைக்கவேண்டும் என்று அப்பா வீட்டில் சொல்வார். அம்மாவுக்கு இந்தச் செய்தி ரொம்பப் பிடிக்கும். அடுத்தவனுக்கு என்ன வேண்டுமென்று கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருப்பது பெரிய படிப்பு என்பார்.

எனக்கு அங்கே பிடித்தது வேறு. எங்கள் வீடு ஒரே அறை. எட்டுப் பேர். பாடம் எழுத உட்கார்ந்தால் மடியில் தம்பி இருப்பான், விளக்கு அடுப்படிக்குப் போய்விடும். அப்பாவோடு ஒருமுறை கல்லூரிக்குள் போனபோது திறந்திருந்த ஒரு கதவு வழியாகப் பார்த்தேன்: கட்டில், மேசை, நாற்காலி, மேசைமேல் விளக்கு, விரித்த புத்தகம். ஆள் இல்லை. ஏழ்மைக்கு வார்த்தைப்பாடு கொடுத்த ஒருவருக்கு எங்கள் ஊரில் யாருக்குமே இல்லாத ஒன்று கிடைத்திருந்தது. தேவ அழைத்தல் என்று மேடையில் சொல்வார்கள். ஏழை வீட்டுப் பையன்கள் பலருக்கு அந்த அழைப்பு இப்படிப்பட்ட ஒரு மேசையிலிருந்தும் வந்திருக்கும். அதில் கேவலம் ஒன்றுமில்லை. படிக்கவும் யோசிக்கவும் இடம் வேண்டுமென்பது ஆத்துமாவின் பசிதான்.

அந்த மேசைகளில் சிலர் செய்த வேலையைப் பெரியவனான பிறகுதான் புரிந்துகொண்டேன். பிரான்சிலிருந்து வந்த லூயி ஆங்லாத் சாமியார் மலையெங்கும் நடந்து செடிகளைச் சேகரித்தார். பெருமாள்மலை, தாண்டிக்குடி பக்கமுள்ள கற்திட்டைகளை அளந்தார். எங்கள் ஆட்கள் பாண்டவர் வீடு என்று சொல்லி விலகிப்போகும் இடங்கள் அவை. நியூட்டன் சாமியாருடன் சேர்ந்து அவர் எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. பின்னால் கே. எம். மாத்யூ சாமியார் வந்தார். கொடைக்கானலில் வந்து வேரூன்றிய வெளிநாட்டுச் செடிகளைப் பற்றி 1969இல் எழுதி, 1999இல் பழனி மலைகளின் தாவரங்கள் அத்தனைக்கும் ஒரு பெருநூல் கொடுத்தார். 2004இல் காலமானார். சோலைக்காடுகளையும் புல்வெளிகளையும் யூகலிப்டசும் வாட்டிலும் விழுங்கிக்கொண்டிருந்ததைப் பெயர் பெயராக எழுதிவைக்க, அவசரப்படாத ஒரு மனிதர் தேவைப்பட்டார்.

உலர்செடித் தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மங்கிப்போன காகிதத்தில் ஒரு கொடி, இலையின் முன்புறம் ஒன்றும் பின்புறம் ஒன்றும் தெரிகிறமாதிரி மடக்கி, மெல்லிய பட்டையால் ஒட்டியிருக்கும். பூவின் நிறம் போய்விட்டிருக்கும். மூலையில் சின்ன எழுத்தில் லத்தீன் பெயர், இடம், உயரம், தேதி. எங்கள் வீட்டு வேலியில் சும்மா படர்ந்து கிடக்கிற ஒன்றுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குக் கண் கலங்கியது. அவசரம் இருக்கிறவன் இதைச் செய்ய முடியாது. பெண்டாட்டி பிள்ளை, வட்டிக்கடன், இடமாறுதல் எதுவும் இல்லாதவருக்கு வாய்த்த பொறுமை அது. ஒதுங்கி வாழ்வதன் நல்லதைக் காட்டு என்று யாராவது கேட்டால் நான் அந்தத் தாளைத்தான் காட்டுவேன்.

இன்னொரு பக்கம் எங்கள் சித்தப்பா. அவர் செண்பகனூரில் சேரவில்லை, சமவெளியில் வேறொரு சபையில் சேர்ந்தார். பாட்டி நேர்ந்துகொண்ட பிள்ளை. பதினெட்டு வயதில் டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினார். அந்தக் காலத்தில் வீட்டுக்குப் போகும் கடிதத்தைப் பெரிய சாமியார் வாசித்த பிறகுதான் ஒட்டுவார்கள். வருகிற கடிதமும் பிரித்துத்தான் கைக்கு வரும். எல்லாம் நலம் என்பதைத் தவிர அவர் எதுவும் எழுதியதில்லை. நவதுறவியாக இருந்த இரண்டாம் வருஷம் பாட்டி இறந்தார். தந்தி போனது. அவரை அனுப்பவில்லை. மண்ணள்ளிப் போட மூத்த மகன் இருந்தும், கடைக்குட்டி வருவான் என்று சாயங்காலம்வரை பிணத்தை வைத்திருந்தார்கள்.

பல ஆண்டுகள் கழித்து அவர் அங்கியைக் கழற்றிவிட்டு வந்தபோது எங்கள் அம்மாதான் கதவைத் திறந்தார். சொந்தமாக ஒரு சட்டை வாங்கத் தெரியவில்லை, அளவு தெரியாது. கையில் காசு வைத்துப் பழக்கமில்லை. காலையில் எழுந்ததும் இன்றைக்கு என்ன செய்யவேண்டும் என்று யாராவது சொல்வார்களா என்று பார்ப்பார். ஊரில் ‘சாமியாருக்குப் போயித் திரும்பி வந்தவன்’ என்று பெயர். உள்ளே இருந்தவரை இவரைத் தூக்கிவைத்துப் பேசிய அதே ஊர்தான். கீழ்ப்படிதலைப் பழகப் பழக, தானாக ஒன்றைத் தீர்மானிக்கிற தசை வற்றிப்போகும். அது எந்த மதத்து மடத்திலும் நடக்கும்.

சித்தப்பாவைப் பார்க்கும்போது பழனி ஆண்டவரைத்தான் நான் நினைத்துக்கொள்வேன். கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலிலிருந்து பார்த்தால், மேகம் விலகும் நாளில் பழனி தெரியும். பழத்துக்குக் கோபித்து வீட்டைவிட்டு வந்த பிள்ளை கோவணத்தோடு மலையேறி நின்றான். அவனையும் நம் சனம் தனியாக விட்டதில்லை. காவடியும் பாலும் பஞ்சாமிருதமுமாகப் பின்னாலேயே ஏறியது. துறவியைக் கும்பிடுவோம், ஆனால் சொந்தம் கொண்டாடாமல் விடமாட்டோம். சித்தப்பாவுக்கு மறுக்கப்பட்டது அந்தச் சொந்தம்தான்.

ஓய்வுபெற்ற பிறகு பெருமாள்மலைச் சரிவிலுள்ள போதி ஜென்டோவில் சில நாள் தங்கினேன். சேசு சபையைச் சேர்ந்த ஆமா சாமி 1996இல் தொடங்கிய ஜென் தியான இல்லம் அது. அவர் ஜப்பானில் யமதா கோவுனிடம் பயின்று 1982இல் குருவாக ஏற்கப்பட்டவர். போதிதர்மரைச் சினிமா நமக்கு நினைவூட்டுவதற்குப் பதினைந்து வருஷம் முன்பே, காஞ்சியிலிருந்து அவர் கொண்டுபோனதாகச் சொல்லப்படும் அந்தத் தியானத்தைத் தமிழ்நாட்டு மலைக்குத் திரும்பக் கொண்டுவந்த கிறிஸ்தவத் துறவி. சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். பிறகு எழுந்து மெல்ல நடக்கவேண்டும். பிறகு தோட்ட வேலை. எனக்குக் களை எடுக்கச் சொன்னார்கள். பக்கத்தில் ஒரு ஜெர்மன் அம்மாள். மணி அடித்ததும், பாதி பிடுங்கிய புல்லை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். நான் அதைப் பிடுங்கி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அப்பா பிள்ளை, வேறென்ன செய்வேன்.

மனம் அங்கே தெளிந்தது, அது உண்மை. ஆனால் நானும் அந்த அம்மாளும் கணக்கு முடித்துப் பை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டோம். எங்களுக்கு நோய் வந்தால் பார்க்கவேண்டிய கடமை அங்கே யாருக்கும் இல்லை. செண்பகனூருக்கு வந்தவர்களில் பலர் கிழவராகி, மற்றவர்கள் கைத்தாங்கலாக நடத்த, அந்த மண்ணிலேயே அடங்கினார்கள். விட்டுப்போகும் வசதி இருக்கிற இடத்தில் அந்த ஆழம் வராது. விட்டுப்போகவே முடியாத இடத்தில் சித்தப்பாக்கள் உடைந்துபோகிறார்கள். எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வரவில்லை.

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு கெடுபிடிகள் தளர்ந்தன. லத்தீன் போய்த் தமிழில் பூசை வந்தது. தாய் தகப்பன் சாவுக்கு இப்போது உடனே அனுப்பிவிடுகிறார்கள். சித்தப்பா கடைசிவரை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். விடியுமுன் எழுந்து ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரும் பழக்கத்தை விடவில்லை. “அங்க போனது தப்புன்னு நெனைக்கிறீங்களா சித்தப்பா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“போனது தப்பில்லடா. செபிக்கவும் படிக்கவும் அங்கதான் கத்துக்கிட்டேன். எங்கம்மா முகத்தைப் பாக்க விடாததுதான் தப்பு” என்றார்.