உப்பும் சீனியும்

பயணம் மனிதனுக்குத் தன்னம்பிக்கையை ஊட்டுகின்றது என்பர். என்னுடைய அனுபவம் சற்று வேறானது. எவருடைய உதவியுமின்றி வாழக்கூடியவன் நான் என்ற இறுமாப்புடன், முதுகில் ஒரு பையைச் சுமந்துகொண்டு புறப்பட்டேன். அந்நிய நகரமொன்றின் சிறிய அறையில் எழுந்து நிற்கவும் மாட்டாது கிடந்தபோதே, அப்பயணம் எனக்குக் கற்பிக்க வேண்டியதைக் கற்பித்தது.

2019 ஆம் ஆண்டு யூலை மாதம். இறுதியாண்டுப் பரீட்சை முடிந்திருந்தது. மாலை வகுப்புகளில் கற்பித்துச் சேர்த்த சிறு தொகை கையில் இருந்தது. துணைக்கு ஒருவரையேனும் அழைத்துச் செல்லுமாறு அம்மா பலமுறை கேட்டார், நான் இணங்கவில்லை. கொழும்பிலிருந்து சென்னை சென்று, அங்கிருந்து புகையிரதத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் கடந்து ஹௌராவை அடைந்தேன். 1943 இல் திறக்கப்பட்ட ஹௌராப் பாலத்தைக் கால்நடையாகக் கடந்தபோது, பூக்கூடை சுமப்போரும் மூட்டை தூக்குவோரும் அலுவலகம் விரைவோரும் என்னை இடித்துத் தள்ளியவாறு சென்றனர். இப்பெருங்கூட்டத்தில் என்னை அறிந்தவர் ஒருவருமில்லை என்ற நினைவே அன்று எனக்கு ஒருவகைப் போதையைத் தந்தது.

கொல்கத்தாவின் நியூ மார்க்கற்றுக்கு அருகிலுள்ள சடர் வீதி, முதுகுப்பைப் பயணிகள் மலிவாகத் தங்குவதற்குப் பெயர்பெற்றது. அங்கே ஒரு சிறு விடுதியின் மேல்மாடியில் அறை கிடைத்தது. மூன்று நாட்கள் நகரெங்கும் அலைந்தேன். திராம் வண்டியில் ஏறினேன். கல்லூரி வீதியின் பழம்புத்தகக் கடைகளில் நெடுநேரம் நின்றேன். மண் குவளையில் தேநீர் அருந்தினேன். மூன்றாம் நாள் மாலை, மழைக்காலத்துப் புழுக்கம் தாங்காது, தெருவோரத்தில் பனிக்கட்டி மிதந்த சர்பத்தில் இரண்டு குவளை வாங்கிப் பருகினேன்.

நள்ளிரவில் வயிறு புரண்டது. வாந்தியும் வயிற்றோட்டமும் மாறிமாறி வந்தன. கழிப்பறையோ தாழ்வாரத்தின் மறுகோடியில் இருந்தது. பத்துத் தடவை வரை எண்ணினேன். அதன்பின் எண்ணும் வலுவும் இல்லாது போயிற்று. விடியும்போது நா வரண்டு, கெண்டைக்கால்கள் பிடித்து இழுக்க, சுவரைப் பற்றியவாறு அறைக்கு மீண்டு விழுந்தேன். கீழே கைரிக்சா இழுப்போரின் மணியோசை கேட்டது; நகரம் வழமைபோல் விழித்துக்கொண்டிருந்தது. இப்பெருங்கூட்டத்தில் என்னை அறிந்தவர் ஒருவருமில்லை. முதல் நாள் போதை தந்த அதே நினைவு இப்போது நெஞ்சை அடைத்தது.

அவ்விடுதியில் தேநீர் கொண்டுவரும் முதியவர் ஒருவர் இருந்தார். பீகாரின் கிராமமொன்றிலிருந்து வந்தவர். எல்லோரும் அவரைச் 'சாச்சா' என்று அழைத்தனர். கதவருகில் நின்று என் முகத்தையும் தரையையும் ஒருமுறை பார்த்தவர், ஒன்றும் பேசாது இறங்கிச் சென்றார். சிறிது நேரத்தில் ஒரு போத்தல் நீருடனும் கடதாசிப் பொதியொன்றுடனும் திரும்பினார். பொதியிலிருந்த தூளை நீரிலிட்டுக் குலுக்கி என் வாயருகே நீட்டினார். நம் நாட்டில் 'ஜீவனி' என்று நாமறிந்த அதே பொருள்தான். உப்பும் இனிப்புமான அந்த நீரை நான் தலையசைத்து மறுத்தேன். உயிர் போகும் வேளையில் உப்பும் சீனியுமா மருந்து? கையில் ஊசி குத்துவது போலச் சைகை செய்தேன். அவர் பெருமூச்சு விட்டார். பின் என்னைத் தாங்கிப் படியிறக்கி, அருகிலிருந்த வைத்தியரிடம் கூட்டிச்சென்றார்.

வைத்தியர் இளைஞர். நாடியைப் பிடித்தார், வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், இரத்தம் போயிற்றா, சிறுநீர் கழிகிறதா எனக் கேட்டார். "சேலைன் ஏற்றுங்கள்" என்று மன்றாடினேன்.

"உங்களால் குடிக்க முடிகிறதல்லவா?"

"குடித்தால் வாந்தி வரும்."

"வந்தால் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் கரண்டி கரண்டியாகக் குடியுங்கள். குடிக்கக் கூடியவருக்கு ஊசி வேண்டியதில்லை. நீங்கள் இகழும் இந்த நீரின் பெருமை இங்கிருந்து சில மணிநேரப் பயணத் தொலைவில்தான் நிலைநாட்டப்பட்டது."

அவர் குறிப்பிட்ட வரலாற்றை ஊர் திரும்பிய பின்னரே முழுமையாகப் படித்தறிந்தேன். 1971 இல் பங்களாதேசப் போரின்போது ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை கடந்து இந்தியாவிற்குள் அகதிகளாக வந்தனர். எல்லையோர ஊராகிய பொங்காவிலே கொலரா பரவியது. வைத்தியசாலையில் கட்டில்கள் போதாமையால் நோயாளர் தரையிற் கிடத்தப்பட்டனர். நாளத்தினூடு ஏற்றும் சேலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கு பணியாற்றிய திலீப் மகலனாபிஸ் என்னும் வைத்தியர், ஒரு லீற்றர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற அளவிற் கலந்து, பெரிய கொள்கலன்களில் நிரப்பி வைத்தார். நோயாளரின் உறவினரே குவளைகளில் ஏந்திச் சென்று பருக்கினர். அதற்கு முன் நூற்றுக்கு முப்பது வரையிருந்த இறப்பு, இந்நீரைப் பெற்றோரிடையே நூற்றுக்கு நான்கிலும் குறைந்தது.

இதன் தத்துவம் எளிது. கொலரா நோயிற் குடலிலிருந்து நீர் பெருகி வெளியேறும்போதும், சிறுகுடற்சுவர் குளுக்கோசையும் சோடியத்தையும் ஒருங்கே உறிஞ்சும் ஆற்றலை இழப்பதில்லை. அவற்றைத் தொடர்ந்து நீரும் உட்செல்கின்றது. இவ்வுண்மை 1960களிலேயே ஆய்வாளர் அறிந்ததுதான். டாக்காவிலும் கல்கத்தாவிலும் வைத்தியசாலைகளிற் சோதிக்கப்பட்டதுந்தான். ஆயினும், மருத்துவம் பயிலாத ஒரு தாயின் கையாலும் இதனை ஊட்டி உயிர் காக்கலாம் என்பதை உலகிற்குக் காட்டியது பொங்காவின் தரையே. மகலனாபிஸ் 2022 ஒக்டோபரில் கொல்கத்தாவிற் காலமானார். அடுத்த ஆண்டு இந்திய அரசு பத்ம விபூசண் விருதினை அவருக்கு அளித்தது.

அன்று பகல் முழுவதும் சாச்சா அரைமணிக்கொருமுறை வந்து போத்தலின் நீர்மட்டத்தைப் பார்த்துச் சென்றார். குறையாவிடிற் கண்ணை உருட்டினார். மாலையில் அம்மாவுக்குத் தொலைபேசியிற் சொல்லத் துணிந்தேன். அழுவார், உடனே திரும்பி வா என்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஒரு தாதியைப் போல நிதானமாகக் கேட்டார்.

"எத்தினை தரம் போனது, தம்பி? சலம் போகுதோ? ஜீவனி கிடைக்குமோ? கிடைக்காட்டில் ஒரு லீற்றர் கொதிச்சாறின தண்ணிக்கு ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. மட்டமாய் அள்ளு. உப்புக் கூடக் கூடாது."

"உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் அம்மா?"

சிறிது நேரம் மறுமுனையிற் பேச்சில்லை. "தொண்ணூற்றைஞ்சிலை உனக்குத்தானே கரைச்சுப் பருக்கினனான்" என்றார்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது நான் பத்து மாதக் குழந்தை. மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து, தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையிற் பல குடும்பங்களுடன் தங்கினோம் என்பது எனக்குத் தெரியும். அங்கே வயிற்றோட்டம் கண்டு கண் குழிந்து கிடந்தேன் என்பதும், பெயரறியாத மூதாட்டி ஒருவர் தம் சேமிப்பிலிருந்த சீனியில் ஒரு பிடி கொடுத்தார் என்பதும், இரவு முழுவதும் அம்மா சிறுகரண்டியாற் பருக்கினார் என்பதும் அன்றுதான் தெரிந்தன. இருபத்துநான்கு ஆண்டுகள் அவர் அதனைச் சொல்லியதில்லை. யாருடைய உதவியும் வேண்டாதவன் என்று நான் மார்தட்டியபோதும் சொல்லியதில்லை.

நான்காம் நாள் எழுந்து நடந்தேன். சாச்சாவிடம் பணம் கொடுத்தபோது அவர் தயங்காமல் வாங்கி, எண்ணி, இடுப்பிற் செருகிக்கொண்டார். பின்னர் தெருவோரச் சர்பத் வண்டியைச் சுட்டிக்காட்டி, விரலை ஆட்டி எச்சரித்தார். இருவரும் சிரித்தோம்.

இப்போது பயணம் புறப்படும்போதெல்லாம் என் பையில் ஜீவனிப் பொதிகள் சில இருக்கும். அவை எனக்காக மட்டுமல்ல. பொங்காவின் தரையிற் கிடந்து பிழைத்தவர்களையும், பிழைக்காது போனவர்களையும் அவ்வேளைகளில் நினைத்துக்கொள்கின்றேன். அவர்களுள் ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியாது. சீனி தந்த மூதாட்டியின் பெயரும் தெரியாது. ஆயினும், தனித்து நிற்பவன் என்று என்னை நான் மீண்டும் ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை.