விடுபட்ட ஆண்டு

லெபனானின் ஷாத்தோ முஸார் திராட்சை மதுவை நான் ருசித்ததில்லை, வாசித்திருக்கிறேன். வாசித்ததில் பெரும்பகுதி மதுவைப் பற்றியதல்ல, யுத்தத்தைப் பற்றியது. தோட்டங்கள் பெக்கா பள்ளத்தாக்கில். மது தயாராவது மலைக்குக் கடற்புறம், பெய்ரூத்துக்கு வடக்கே, கஸீரில். 1975 முதல் 1990 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் பழம் ஏற்றிய லாரிகள் போர்முனைகளைக் கடந்தே வரவேண்டியிருந்தது. 1984-இல் தாமதமாகி, வந்து சேரும்போதே பழம் புளிக்கத் தொடங்கிவிட்டது. 1976-இல் மதுவே இல்லை.

அதே 1984-இல் பிரிட்டிஷ் மதுப் பத்திரிகையான டிகாண்டர், முஸாரின் செர்ஜ் ஹோஷாரை அவ்வாண்டின் மனிதராகத் தேர்ந்தது. கௌரவம் ருசிக்கா, துணிச்சலுக்கா? யுத்தபூமியிலிருந்து வரும் கவிதைக்கும் நாம் இந்தச் சலுகையைத்தான் தருகிறோம். வரிகளுக்கு முன் கவிஞனின் காயத்தைப் படித்துவிடுகிறோம். கவிதைக்கு இது அவமரியாதை என்றே நினைக்கிறேன்.

மது விஷயத்தில் இந்தக் கறார் எனக்குக் கைகொடுக்கவில்லை. ஓர் ஆண்டின் வெயிலும் மழையும் ருசியைச் சேர்ந்தவை என்று ஒப்புக்கொண்டபின், பழம் சாலையில் கிடந்த நாட்களை மட்டும் எப்படிப் புறச்சூழல் என்று ஒதுக்குவது? புட்டியின் மேல் ஆண்டைப் போடுகிறவன் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தானே போடுகிறான்? எங்கள் வங்கி லெட்ஜரில் வரியை வெறுமே விட அனுமதியில்லை. முஸாரின் வரிசையில் 1975-க்குப் பின் 1977 வருகிறது.

ஹோஷார் 2014-இல் இறந்தார். 2024-இன் அறுவடைக் காலத்திலும் பெக்காவில் குண்டுகள் விழுந்தன.