இரண்டாம் பலகை



புரோத்ராபூரில் எங்கள் இல்லத் தாழ்வாரத்தில் ஓர் அலைச்சறுக்குப் பலகை சாய்ந்து நிற்கிறது. அதன்மேல் என் மனைவி ஈரத்துணி உலர்த்துகிறாள். “நாற்பதைக் கடந்தவருக்கு இஃது எதற்கு?” என்று நம் சங்கத்தார் சிலர் வினவினர். ஆசை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

சென்னையை அடுத்த கோவளத்தில், விடுமுறை நாட்களில் இக்கலையைப் பயின்றேன். ஒன்பதடி நீளமுள்ள மெத்தென்ற பலகை அது. மூன்றாம் நாளே எழுந்து நின்றேன். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடைபெற்ற ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் நம் நாட்டு ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அம்மயக்கத்தில், இளைஞர்கள் ஏந்தி நின்றதைப் போன்றே 5 அடி 10 அங்குலப் பலகை ஒன்றை வாங்கிவிட்டேன். யாரையும் கேட்டேனல்லேன்.

சிறிய அந்தமானின் பட்லர் பே கடற்கரையில் அதன் குணம் தெரிந்தது. எத்துணை துழாவினும் அலை என்னை ஏற்றிக்கொள்ளாமல் அடியில் நழுவிச் சென்றது. ஏற்றிக்கொண்ட ஓரிரு முறையும் பலகையின் மூக்கு நீரில் குத்த, நான் தலைகீழானேன். கரையில் நின்ற சிறுவர் சிரித்தனர், சிரிக்கட்டும்.

பலகையின் நீளத்தை மட்டும் நோக்கியதே என் பிழை. மிதக்கும் ஆற்றல் அதன் கன அளவில் இருக்கிறது; அதனை லிட்டரில் குறிப்பர். அப்பலகை 28 லிட்டர். நானோ 72 கிலோ. கைதேர்ந்தவர்க்கு அது போதும். கற்றுக்குட்டி நிலையைக் கடந்து, தேர்ச்சி எய்தாத என் போன்றார்க்கு 45 லிட்டரேனும் வேண்டும். காசுமீரத்துக் குல்மார்க்கில் பனிப்பலகை ஏறும் நடுத்தரப் பயிற்சியாளரும் இதே மயக்கத்துக்கு ஆளாகக் கூடும்: தம் கால் எங்கே நிற்கிறது என்பதை மறந்து, வல்லவர் கையிலிருப்பதை நாடுவர்.

இரண்டாவது பலகைக்குப் பணம் கேட்டபோது என் மனைவி நெடுநேரம் பேசவில்லை. அவள் பிறந்த வீடு ஹட் பேயில் இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அதனைக் கொண்டுபோயிற்று. அதன்பின் அவள் அக்கரையை மிதித்ததில்லை.

“அந்தப் பலகை உங்களைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்குமா?” என்று மட்டும் கேட்டாள்.

அதன்பின் வண்ணத்தையும் வேகத்தையும் நான் நோக்கவில்லை. 7 அடி 2 அங்குலம், 48 லிட்டர், அகன்ற மூக்கு, அடியில் மூன்று துடுப்புகள். களைத்தபோது மேலே படுத்து மிதக்கலாம். கணுக்காலில் கட்டும் கயிற்றையும் தடித்ததாகவே வாங்கினேன். பலகை கைவிட்டுப் போனால் நீந்துவது பெரும்பாடு. மூலப்பொருளில் இருவகை உண்டு. பாலியூரித்தேன் பலகை காற்றடிக்கும் கடலில் அமைதியாக ஓடும். எபாக்சி பூசியது இலேசானது, அடிதாங்கும். சென்னையிலிருந்து ஏறத்தாழ மூன்று நாள் கப்பலில் வரவேண்டியதாகையால் எபாக்சியையே தேர்ந்தேன். அந்நீரில் முதலையும் உண்டு. அதற்குப் பலகை உதவாது. ஊராரைக் கேட்டே இறங்கவேண்டும்.

பலகை சென்ற வாரம் வந்து சேர்ந்தது. மனைவி அதனைத் தடவிப் பார்த்தாள். அடுத்த மாதம் ஹட் பே கப்பலுக்கு இரண்டு பயணச்சீட்டு எடுக்கும்படி சொன்னாள். தான் மணலில்தான் அமர்ந்திருப்பாளாம், நீரருகே வரமாட்டாளாம்.

பழைய பலகையில் இப்போதும் துணி உலர்கிறது.