முத்திரையும் எடையும்

டிரம்மர்கள் தட்டும் வெண்கலத் தகடான சிம்பல், பழையது ஒன்று கைக்கு வந்தால் நான் உடனே தட்டிப் பார்ப்பதில்லை. ஜன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சம் சாய்வாக விழும்படி திருப்பித் திருப்பி முத்திரையைத் தேடுவேன். அது மையால் அச்சிட்டதல்ல. அச்சை வைத்து உலோகத்திலேயே அடித்தது. அடி சரியாக விழாத இடத்தில் பாதி எழுத்துதான் இருக்கும்.

ஜில்ஜியன் நிறுவனத்தின் சிம்பல் என்றால் முதலில் ஊர்ப் பெயரைப் பார்க்க வேண்டும். துருக்கியில் செய்த ‘கே’ வகையில் கான்ஸ்டான்டிநோபிள் என்றிருந்தால், இஸ்தான்புல் என்று பொறித்தவற்றுக்கு அது மூத்தது. அமெரிக்காவில் செய்தது என்றால் 1929க்கு முன்னால் போக முடியாது. பாஸ்டன் பக்கம் மிட்டாய் வியாபாரம் செய்துகொண்டிருந்த அவெடிஸ் ஜில்ஜியனுக்கு, குடும்பத் தொழிலை ஏற்கச் சொல்லி 1927இல் சித்தப்பா முறை உறவினர் ஆராம் கடிதம் எழுதினார். இரண்டு வருடம் கழித்து மாசசூசெட்ஸின் குவின்ஸியில் பட்டறை எழுந்தது.

என்னை மிகவும் நெகிழ வைப்பது அந்த அமெரிக்க முத்திரையின் உச்சியில் உள்ள அரபு எழுத்து. துருக்கி அந்த எழுத்துமுறையை 1928இலேயே கைவிட்டுவிட்டது. ஆனால் கடல் கடந்துபோன ஆர்மேனியக் குடும்பம் அடுத்த வருடம் தொடங்கிய பட்டறையில் அதை அப்படியே வைத்துக்கொண்டது. முத்திரை அச்சு மாறும்போதெல்லாம் எழுத்தின் உயரமும் இடைவெளியும் கொஞ்சம் மாறின. சேகரிப்பாளர்கள் காலம் கணிப்பது பெரும்பாலும் அந்தச் சிறு வேறுபாடுகளை வைத்துத்தான். 1970களின் கடைசியில் பெரிய மை எழுத்துகளும் வந்தன. மை அழிந்துபோகும் என்பதால், அது இல்லாததை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

பைஸ்டே என்ற இன்னொரு நிறுவனத்தின் சிம்பல்களில் 1970களிலிருந்து வரிசை எண் உண்டு. அதன் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம். 4 என்றிருந்தால் 1974ஆ, 1984ஆ? அதற்கும் மற்ற சாட்சிகளைத்தான் கேட்க வேண்டும்.

எடை அப்படி ஒரு சாட்சி. என் கணக்கில் முத்திரைக்கு அடுத்தபடி நம்பகமானது. 20 அங்குலச் சிம்பல் ஒன்று 1,700 கிராம் இருக்கலாம். அதே அகலமுள்ள இன்னொன்று 2,500ஐத் தாண்டலாம். அந்த வித்தியாசத்துக்குக் காரணம் இசைதான். 1930களில் ஜீன் க்ருபா போன்ற ஜாஸ் டிரம்மர்கள் மெல்லிய தகடு கேட்டார்கள். தட்டியதும் பளீரென்று எழுந்து சட்டென்று அடங்க வேண்டும். பிறகு மின்சார கிடார்களின் இரைச்சலுக்கு நடுவே கேட்க வேண்டிய காலம் வந்தது, கனமும் கூடியது. தராசில் வைக்கும்போது அந்தக் காலத்து மேடையின் சத்தத்தையே நிறுப்பதாக எனக்குத் தோன்றும். நடுத்துளையும் பேசும்: பழையவற்றில் அது சிறியது. பல வருடம் தாங்கியில் உரசியதில் ஒரு பக்கம் நீண்டிருந்தால், யாரோ விடாமல் வாசித்திருக்கிறார் என்று பொருள்.

பச்சையும் கறுப்புமாகப் படிந்த களிம்பை மட்டும் வயதுக்குச் சான்றாக எடுக்க மாட்டேன். கடற்காற்றில் இருந்தால் சில வருடங்களிலேயே படிந்துவிடும். ஆனாலும் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. ஜில்ஜியனின் இந்தப் பழைய சிம்பல்கள் 80 பங்கு தாமிரமும் 20 பங்கு வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம். இயந்திரத்தில் வைத்துத் தேய்த்தால் களிம்போடு கடைசல் வரிகளின் கூர்மையும் முத்திரையின் ஓரமும் போய்விடும். எதை வைத்துக் காலத்தைச் சொல்வோமோ அதையே அழித்துவிட்டு வருடம் கேட்டால் என்ன சொல்வது?

விற்கிறவர்களுக்கு ஒரு வருடம் வேண்டும். ‘1954’ என்று எழுதினால் விலை ஏறும். முத்திரையும் எடையும் துளையும் சேர்ந்து சொல்வது ‘1950களின் முற்பாதி’ என்பது வரைதான். என்னிடம் இருக்கும் 20 அங்குலச் சிம்பலின் உறையிலும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். அதைவிடக் குறுக்கிச் சொல்லும்படி கேட்டால் மறுத்துவிடுகிறேன்.