செய்தியையும் கோப்பு மாதிரி படிக்கலாம்

பேத்தி கல்லூரியில் விஸ்காம் படிக்கிறாள். ஒரு செய்தியை ஆராய நான்கு வழிகள் என்று அவளுக்குப் பாடம். யாரை எப்படிக் காட்டுகிறார்கள், நடந்ததை எப்படிக் கதையாக்குகிறார்கள், பத்திரிகையோ சேனலோ யார் கையில் இருக்கிறது, படிக்கிறவருக்கு அதில் என்ன பங்கு. எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். ஒரு கோப்பு மேசைக்கு வந்தால் குறிப்பு எழுதியது யார், எந்தத் தேதியிலிருந்து ஆரம்பித்திருக்கிறார், எந்தக் காகிதம் காணவில்லை, கடைசியில் யார் கையெழுத்து என்றுதான் பார்ப்போம். செய்தியும் அப்படித்தான், அதற்கு நம் புதுச்சேரியிலேயே உதாரணம் இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு மட்டும் பாரீஸ் வரை போய் வர வேண்டும். 1955-ல் 'பாரி மாட்ச்' வார இதழின் அட்டையில் ஒரு படம் வந்தது. பிரெஞ்சு ராணுவ உடுப்பில் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவன், கண்களை உயர்த்தி சல்யூட் அடிக்கிறான். ரொலான் பார்த் என்ற அறிஞர் இதைப் பற்றி எழுதியது 1957-ல் வந்த அவருடைய 'மித்தொலொழி' நூலில் இருக்கிறது. முடிவெட்டும் கடையில் இருந்தபோது அந்த இதழைக் கையில் கொடுத்தார்களாம். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: படத்தில் பொய் இல்லை, பையன் சல்யூட் அடிப்பது நிஜம். ஆனால் பார்க்கிறவர் மனசில், 'எந்த நிறத்துப் பிள்ளையானாலும் பிரான்சுக்கு விசுவாசமாகத்தானே இருக்கிறது, காலனி ஆட்சியைக் குறை சொல்ல என்ன இருக்கிறது' என்ற எண்ணம் தானாக வந்து உட்கார்ந்துவிடும். இதில் வேடிக்கை, அட்டையில் கொடியே இல்லை. அந்தப் பையன் கொடியைத்தான் பார்க்கிறான் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் இந்தோசீனா போய் வந்த சொல்தா தாத்தா ஒருவர் இருந்தார். பதக்கத்தோடு அவர் படம் கூடத்தில் மாட்டியிருக்கும். பையன்கள் நாங்கள் அதற்கு முன்னால் நின்று சல்யூட் அடிப்போம். ஒரு நாள் அவர் சொன்னார்: "படத்துல நான் ராஜா மாதிரிதான்டா இருக்கேன். அப்பா வாங்கின கடனை அடைக்கக் கப்பல் ஏறினவன்னு அதுல எங்க தெரியப் போவுது?" பார்த் பல பக்கங்களில் சொன்னதைத் தாத்தா இரண்டே வரியில் முடித்துவிட்டார்.

அடுத்தது கதை. 1954 நவம்பர் 1-ம் தேதி நம் ஊர் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அதே தேதியில்தான் அல்ஜீரியாவில் பிரான்சை எதிர்த்துப் போர் வெடித்தது. அந்த வருஷம் மே மாதம் டியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றதிலிருந்து ஆரம்பித்தால், நவம்பர் 1 ஒரு சாம்ராஜ்யம் சுருங்கிய கதை. அக்டோபர் 18 கீழூர் வாக்கெடுப்பிலிருந்து ஆரம்பித்தால், 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்து அமைதியாக முடிந்த கதை. 1936 ஜூலை 30 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட 12 ஆலைத் தொழிலாளர்களிலிருந்து ஆரம்பித்தால், அது ரத்தம் சிந்திய போராட்டக் கதை. மூன்றும் உண்மை. பெயரும் அப்படியே. நாம் 'விடுதலை நாள்' என்கிறோம். 1956-ல் இரு நாடுகளும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் பிரெஞ்சுப் பெயரில் இருப்பது 'செசியோன்', அதாவது விட்டுக்கொடுத்து ஒப்படைப்பது. யார் சொல்கிறார், எங்கே ஆரம்பிக்கிறார், என்ன பெயர் வைக்கிறார் என்று கவனித்தாலே பாதி விளங்கிவிடும்.

மூன்றாவது, யார் கையில் இருக்கிறது. பாரதியின் 'இந்தியா' வார இதழை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் அது வந்துகொண்டிருந்தபோது எழுத்து பாரதியுடையது, பணம் மண்டயம் குடும்பத்தாருடையது, சட்டப்படி ஆசிரியர் என்று பதிவாகியிருந்த பெயர் சீனிவாசனுடையது. 1908-ல் வழக்கு வந்தபோது சிறைக்குப் போனவர் சீனிவாசன். பாரதி புதுச்சேரிக்கு வந்தார், இதழும் பின்னாலேயே வந்தது. இங்கே பிரெஞ்சுச் சட்டம், ஆங்கிலேயர் கை நீளாது. ஆனாலும் 1910-ல் 'இந்தியா' நின்றுபோனது. காரணம் எளிது. வாசகர்களில் பெரும்பாலோர் ஆங்கிலேயரின் எல்லைக்குள் இருந்தார்கள். அங்கே இதழ் நுழையத் தடை போட்டுவிட்டார்கள். எழுத்து ஒருவரிடம், பணம் ஒருவரிடம், பெயர் ஒருவரிடம், தபால் வழி மட்டும் வேறொருவரிடம். கடைசியில் தபால் வழி யாரிடம் இருந்ததோ அவர்தான் ஜெயித்தார். இன்றைக்கு நம் தபால் வழி வாட்ஸ்அப். அது மெட்டா என்ற அமெரிக்க நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

நான்காவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. பிரான்சில் பழைய சுவர்களில் 'நோட்டீஸ் ஒட்டாதே, 1881 ஜூலை 29 சட்டம்' என்று பிரெஞ்சில் எழுதியிருப்பதைப் போய் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அது பத்திரிகைச் சுதந்திரச் சட்டம். காலனிகளுக்கும் சேர்த்துப் போட்டது. அதன்படி அந்தக் காலத்தில் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ழெரான் ஒருவர் இருக்க வேண்டியிருந்தது. அச்சில் வந்ததற்கெல்லாம் பொறுப்பு அவர். 13-வது பிரிவு இன்னும் அருமை. பத்திரிகையில் உங்களைக் குறிப்பிட்டு எழுதிவிட்டால் உங்கள் பதிலை அவர்கள் போட்டே ஆக வேண்டும். கிடைத்த மூன்று நாளுக்குள், இல்லாவிட்டால் அடுத்த இதழில். எந்த இடத்தில் உங்களைப் பற்றி வந்ததோ அதே இடத்தில், அதே எழுத்து அளவில். முதல் பக்கத்தில் திட்டிவிட்டு மூலையில் பொடி எழுத்தில் வருத்தம் தெரிவிக்க முடியாது. வாசகருக்கும் ஒரு நாற்காலி உண்டு என்று அந்தக் காலத்திலேயே சட்டத்தில் எழுதி வைத்தார்கள்.

இதெல்லாம் இப்போது எதற்கு என்றால், போன வருஷம் எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தகவல் வந்தது. எழுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்குப் பென்ஷன் பாதியாகிறது என்று. மேலே அரசு முத்திரை, கீழே தடித்த எழுத்தில் 'உடனே பகிரவும்'. குழுவில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் இருக்கிறார். மனைவி இல்லை, தனியாக இருக்கிறார். அதைப் படித்த மறுநாளே கண்புரை ஆபரேஷனை ரத்து செய்துவிட்டார். "காசு கையில இருக்கட்டும் சார், ஒரு கண்ணு போதும்" என்றார்.

நேரில் போய் அந்தத் தகவலை அவரோடு உட்கார்ந்து கோப்பு மாதிரி படித்தேன். ஆணை எண் இல்லை, தேதி இல்லை, கையெழுத்து இல்லை. முத்திரை மட்டும் இருந்தது, பார்த் சொன்ன பையன் மாதிரி. மற்றதையெல்லாம் பயத்தில் நாமே போட்டுக்கொள்கிறோம். ழெரான் யார் என்றால் ஆளே இல்லை. இரண்டு பேரும் கருவூலத்துக்குப் போய் விசாரித்தோம். அப்படி ஓர் ஆணையே கிடையாது என்றார்கள்.

அன்று மாலையே அதே குழுவில், அதே தடித்த எழுத்தில் பதில் போட்டேன். பொய்க்கு வந்த அழுகை முகங்களும் கும்பிடுகளும் பதிலுக்கு வரவில்லை. மூன்று பேர் மட்டும் பார்த்தோம் என்று கட்டைவிரலைக் காட்டினார்கள். பரவாயில்லை, 13-வது பிரிவு பதிலுக்கு இடம் கொடுக்கச் சொன்னதே தவிர, கைதட்டச் சொல்லவில்லை.

நண்பருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது குழுவில் எது வந்தாலும், "ஜி.ஓ. நம்பர் என்ன, தேதி என்ன?" என்று முதலில் கேட்கிறவர் அவர்தான். சிலருக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. கேட்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.