சிறைப்பட்ட சோழனைத் தேடி

திட்டக்குடிப் பேருந்து நிலையத்தருகே டீ குடிக்கும்போது, எங்கே பயணம் என்று கடைக்காரர் கேட்டார். இராசராச சோழன் தொடர்பான ஊர்களைப் பார்க்கப் போகிறேன் என்றேன். "ராஜராஜன்னா தஞ்சாவூருல்லீங்க? இந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்றார். பெரிய கோயில் கட்டியவர் அல்ல, அவருக்கு இருநூறு ஆண்டுக்குப் பின் வந்த மூன்றாம் இராசராசன் என்று விளக்கினேன். "அப்படி ஒருத்தரா?" என்று வியந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. பள்ளிப் பாடத்தில் இந்த அரசனுக்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம். அந்த வரியிலும் 'திறமையற்றவன்' என்ற சொல் இருக்கும்.

நான் இந்தப் பக்கம் வந்ததே அந்தச் சொல்லில் எனக்கு மனம் ஒப்பாததால்தான். 1216இல் அவன் கைக்கு வந்தது தீப்பிடித்த வீடு. அதே ஆண்டில் மதுரையில் பட்டமேறிய முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் சோழநாட்டுக்குள் புகுந்து தஞ்சையையும் உறந்தையையும் எரித்தான். பட்டினப்பாலை பாடிய புலவனுக்குக் கரிகாலன் கொடுத்த 16 கால் மண்டபத்தை மட்டும் இடிக்காமல் விட்டதாகத் திருவெள்ளறைக் கல்வெட்டு பெருமையோடு சொல்கிறது. பிடித்த நாட்டைச் சோழனுக்கே திருப்பிக் கொடுத்து, 'சோணாடு வழங்கியருளிய' என்று தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டான் பாண்டியன். தன் நாட்டையே பிச்சையாக வாங்கிய குடும்பத்தின் பிள்ளைதான் மூன்றாம் இராசராசன்.

திட்டக்குடியில் வெள்ளாற்றின் வடகரையில் வைத்தியநாத சுவாமி கோயில். தரிசனம் முடித்து விருத்தாசலம் பேருந்தில் ஏறினேன். வழியில் பெண்ணாடம். தூங்கானை மாடம் என்று தேவாரம் பாடிய தலம்; கருவறைக் கூரை யானையின் முதுகுபோல் வளைந்திருக்கும். சிவஞான போதத்தின் 12 சூத்திரங்களைத் தந்த மெய்கண்டார் பிறந்த ஊரும் இதுவே. அவர் காலமும் 13ஆம் நூற்றாண்டுதான். சோழர் அரசு சரிந்துகொண்டிருந்த அதே நடுநாட்டில் சைவ சித்தாந்தத்தின் மூலநூல் பிறந்திருக்கிறது. போர் மூண்ட மண்ணில் ஒருவர் உட்கார்ந்து பதி, பசு, பாசம் பற்றிச் சிந்தித்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

விருத்தாசலம் என்றால் இன்றைக்குப் பீங்கான். அகல்விளக்கும் பொம்மையும் சூளையில் வெந்து லாரி ஏறுகின்றன. நான் நேரே பழமலைநாதர் கோயிலுக்குப் போனேன். கோப்பெருஞ்சிங்கனின் கல்வெட்டு ஒன்று இங்கே உண்டு. காடவர் குலத்தவன், சோழருக்கு அடங்கிய சிற்றரசர் வழியில் வந்தவன், கடைசியில் சோழனையே சிறை பிடித்தவன். அதற்குச் சில ஆண்டுகள் கழித்துப் பெரம்பலூரில் கன்னட நாட்டை ஆண்ட போசளரின் தளபதிகள் கேசவன், அரிகரன் முதலானவர்களைக் கொன்று, அவர்களுடைய பெண்டிரையும் பண்டாரத்தையும் கவர்ந்தான். அந்தப் பாவம் தீர இந்தச் சிவனுக்கு நெற்றிப் பட்டம் செய்து சாத்தினான். பெரம்பலூர் திட்டக்குடிக்குத் தென்மேற்கே பேருந்தில் ஒரு மணி நேரம். நான் காலையில் டீ குடித்த ஊர் அந்தப் போர்க்களத்துக்கும் இந்தப் பிராயச்சித்தத்துக்கும் நடுவில்தான் இருக்கிறது.

அங்கிருந்து உளுந்தூர்ப்பேட்டை வழியாகச் சேந்தமங்கலம். கெடிலக்கரை. காடவர் தலைநகர் இன்று வயல் சூழ்ந்த சிற்றூர். ஆபத்சகாயேசுவரர் கோயிலின் பழைய பெயர் வாணிலை கண்டீசுவரம். ஆபத்துக்கு உதவும் ஈசன் வாழும் ஊரில்தான் சோழப் பேரரசன் கைதியாக அடைபட்டான். சுந்தர பாண்டியன் மறுபடி படையெடுத்தபோது வடக்கே ஓடிய இராசராசனைத் தெள்ளாற்றில் மடக்கித் தோற்கடித்து, அமைச்சர்களோடு இங்கே கொண்டுவந்து பூட்டினான் கோப்பெருஞ்சிங்கன். ஆண்டு 1231. அவனை வெறும் முரடன் என்று சொல்லவும் மனம் வரவில்லை. பரதக் கலை வல்லவன். தில்லைத் தெற்குக் கோபுரம் 'சொக்கச்சீயன்' என்ற அவன் குலப் பட்டப்பெயரைத் தாங்கி நின்றது.

கோயில் வாசலில் நின்றபோது பைசாந்தியப் பேரரசன் நான்காம் ரோமானோஸ் நினைவுக்கு வந்தான். இங்கே முதலாம் குலோத்துங்கன் அரியணை ஏறிய மறு ஆண்டு, 1071இல், மான்சிகெர்ட் போரில் செல்ஜுக் சுல்தான் ஆல்ப் அர்சலானிடம் சிக்கினான். சுல்தான் அவனை மரியாதையோடு நடத்தி, சில நாட்களில் விடுவித்தான். கண்ணைக் குருடாக்கிச் சாகவிட்டது, நாடு திரும்பியபின், சொந்த நாட்டார். நம் சோழன் கதை இதற்கு நேர்மாறு. அடைத்தவன் சொந்தச் சிற்றரசன், மீட்க வந்தவன் வேற்றுநாட்டான்.

எப்படி மீட்டார்கள் என்பதைச் சொல்லும் கல்வெட்டு, அதே கெடிலம் கடலை நெருங்கும் இடத்தில், திருவயிந்திபுரம் தேவநாதப் பெருமாள் கோயிலில் இருக்கிறது. தமிழ்க் கல்வெட்டுகளில் இவ்வளவு விறுவிறுப்பானது குறைவு. செய்தி கேட்ட போசள மன்னன் வீர நரசிம்மன், சோழ மண்டலத்தை நிலைநிறுத்தியவன் என்ற தன் பெயரைக் காப்பாற்றும்வரை காளம் ஊத விடமாட்டேன் என்று சூளுரைத்துத் துவாரசமுத்திரத்திலிருந்து புறப்படுகிறான். திருச்சிக்கு அருகே பாச்சூரில் தங்கி, அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்ற இரு தண்டநாயகர்களை அனுப்புகிறான். எள்ளேரி, கள்ளியூர்மூலை, தொழுதகையூர் அழிகின்றன. பொன்னம்பலத்தானை வணங்கிவிட்டுத் தொண்டைமானல்லூரை அழிக்கிறார்கள். திருப்பாதிரிப்புலியூரில் பாளையம். பிறகு திருவதிகை, திருவக்கரை. குடிக்கால் கொளுத்தி, பயிரை எரித்து, மரங்களை வெட்டி, பெண்களைப் பிடித்து, கொள்ளையிட்டுச் சேந்தமங்கலத்தை நெருங்கும்போது காடவன் பணிந்து சோழனை விடுவிக்கிறான்.

திருப்பாதிரிப்புலியூர், திருவயிந்திபுரம், திருவதிகை, சேந்தமங்கலம் நான்குமே கெடிலத்தை ஒட்டிய ஊர்கள். நெல் விளையும் கரை. படை அரசனைத் தேடிப் போனதாகச் சொல்வதைவிட, காடவனின் களஞ்சியத்தைத் தேடிப் போனது என்பதே சரி. அந்த நெல்லை நட்டவர்கள் சோழனைச் சிறை வைக்கவில்லை. அவர்கள் வயல்தான் அவனுக்கு மீட்புத்தொகையானது. இதைக் கல்வெட்டு மறைக்கவில்லை, வெற்றிக் கணக்காகவே எழுதியிருக்கிறது. இராசராசனின் அவமானத்தைப் பேசும் வரலாற்று நூல்கள் இந்த எரிப்பை ஒரு வாக்கியத்தில் தாண்டிப் போகும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

போசளர் புகழைச் சொல்லும் அந்தக் கல்வெட்டுக்குக் காலம் குறித்திருப்பது இராசராசனின் ஆட்சியாண்டால்: 15ஆவதின் எதிராமாண்டு, அதாவது அதற்கு அடுத்த ஆண்டு. அதற்குப் பிறகும் ஏறத்தாழ கால் நூற்றாண்டு அவன் பெயரில் ஆண்டுகள் எண்ணப்பட்டன. 1243இல் கோப்பெருஞ்சிங்கன் தன் பெயரில் ஆட்சியாண்டு எழுதத் தொடங்கினான். 1246இல் மூன்றாம் இராசேந்திரன் இளவரசுப் பட்டம் ஏறினான். படை போய், நிலம் சுருங்கி, பாண்டியனும் போசளனும் மாறி மாறி அதிகாரம் செய்தபோதும், கோயிலுக்கு விளக்கு வைத்த குடியானவன் அந்தத் தானத்துக்குத் தேதி போட இந்தச் சோழன் பெயரைத்தான் நாடினான். அதைத் திறமை என்று சொல்லமாட்டேன். ஆனால் 'திறமையற்றவன்' என்ற ஒரு சொல்லில் அடங்குகிற வாழ்க்கையும் அல்ல.

சேந்தமங்கலம் கோயிலை விட்டு வெளியே வந்தபோது பண்ருட்டி போகும் பேருந்து நின்றிருந்தது. பண்ருட்டியை ஒட்டியதுதான் திருவதிகை, கல்வெட்டு வரிசையில் திருப்பாதிரிப்புலியூர்ப் பாளையத்துக்கு அடுத்து எரிந்த ஊர். ஏறி, அங்கே போக ஒரு சீட்டு வாங்கினேன்.