மைலோ டின்னுக்குள் தலைகீழாக ஒரு பள்ளிக்கூடம்

வானொலியில் பேசுகிறவளுக்குக் கேமராவோடு என்ன வேலை என்று எங்கள் நிலையத்தில் கேட்காதவர்கள் இல்லை. பல்கலைக்கழகத்தில் ஊடகத்துறை படித்தேன். புகைப்படக்கலை அதில் ஒரு பாடம். அதை நம்பித்தான், பிரிக்பீல்ட்ஸில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் சிலருக்கு ஒரு சனிக்கிழமை காலை "கேமராவும் கண்ணும்" சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டேன். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வரும்போது இரண்டு பைகளில் 15 காலி மைலோ டின்கள். ரயில் குலுங்கும்போதெல்லாம் கடகடவென்று சத்தம். எதிரே இருந்த சீனப் பாட்டி என்னைப் பழைய சாமான் வாங்குகிறவள் என்றே முடிவு கட்டியிருப்பார்.

செய்முறை எளிது. டின்னின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, அதன் மேல் அலுமினியத் தாளை ஒட்டி, தாளில் ஊசியால் ஒரு சின்னத் துளை. திறந்த வாயில் டிரேசிங் தாளை ரப்பர் பேண்ட் போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். கறுப்புத் துணியைத் தலையோடு மூடிக்கொண்டு, துளையை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினால் தாளில் படம் விழும். சூரியனை மட்டும் பார்க்கக்கூடாது என்று மூன்று முறை சொன்னேன்.

"டீச்சர், ஸ்கூலே தலைகீழா நிக்குது!"

மரத்தின் உச்சியிலிருந்து வரும் ஒளி நேராகப் போய்த் துளை வழியே கீழே விழுகிறது. அடிமரத்தின் ஒளி மேலே போகிறது. நம் விழித்திரையிலும் படம் இப்படித் தலைகீழாகத்தான் விழுகிறது, மூளைதான் அதை நேராகப் புரிந்துகொள்கிறது என்றதும், ஒருவன் தன் தலையைத் தட்டிப் பார்த்துக்கொண்டான்.

ஒரு கேள்விக்கு நான் தயாராக இல்லை. "பாட்டி கண்ணு பட்டுடும்னு சொல்றாங்களே. அப்போ கண்ணுலேர்ந்து ஏதோ வெளியே போகுதுதானே?" சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் காலத்துக் கிரேக்க அறிஞர்கள் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்றார்கள். 965இல் பஸ்ராவில் பிறந்த இப்னு அல்-ஹைதம், இருட்டறையில் துளை வைத்து, வெளியே விளக்குகளை ஏற்றிச் சோதித்தவர். பொருளிலிருந்து ஒளிதான் கண்ணுக்கு வருகிறது என்று விளக்கியவர் அவர். பாட்டியிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

அங்குள்ள பிள்ளைகளுக்குப் பார்வையின்மை புதிதல்ல. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. வெள்ளைக் கைத்தடியோடு வரும் அங்கிளுக்கு எப்படித் தோள் கொடுத்துச் சாலையைக் கடக்க வைப்பது என்று அவர்கள் எனக்கே நடித்துக் காட்டினார்கள்.

இடைவேளையில்தான் அது நடந்தது. பின்வரிசையில் நான்காம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி, மீந்துபோன அலுமினியத் தாளை ஒற்றைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு வெள்ளைப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுப்பாள், மறுபடி வைப்பாள். அருகில் போனேன்.

"டீச்சர், இந்த ஓட்டை வழியா பார்த்தா மட்டும் நீங்க எழுதினது தெரியுது."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் கண்விழி கொஞ்சம் நீளமாக இருக்கும். தூரத்துப் பொருளின் ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்து, பிறகு பரவி, ஒரு புள்ளி பெரிய வட்டமாக விழும். எல்லாம் மங்கல். ஊசித்துளை மெல்லிய ஒளிக்கற்றையை மட்டும் உள்ளே விடுவதால் அந்த வட்டம் சுருங்கிப் படம் தெளிகிறது. கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற பிள்ளைகளும் தெரியாமல் இதைத்தான் செய்கிறார்கள். கண் பரிசோதனையில் துளையிட்ட கறுப்புத் தட்டு வழியாகப் படிக்கச் சொல்வதும் இதற்காகவே. கேமராவில் அப்பர்ச்சரைச் சிறிதாக்கினால் முன்னும் பின்னும் கூர்மையாகும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். காலை முழுக்க அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் படவில்லை.

கூட்டிப்போக வந்த அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பக்கத்துப் பிள்ளையோட புத்தகத்தைப் பார்த்து எழுதுறான்னு ஸ்கூல்ல சொன்னாங்க டீச்சர். டிவிகிட்டப் போய் உட்காராதேன்னு நானும் எத்தனை தடவை அடிச்சிருக்கேன்." மகளின் தலையில் கை வைத்தார். "எங்கே கொண்டுபோய்க் காட்டணும்?"

திங்கட்கிழமையே கண்ணாடிக்கடையில் பரிசோதித்துவிட்டு எனக்கு வாட்ஸ்அப் செய்தார். இரண்டு கண்ணும் மைனஸ் 3.25. 100ஐ 3.25ஆல் வகுத்தால் ஏறக்குறைய 31. அத்தனை சென்டிமீட்டர்தான் அவளுக்குத் தெளிவாகத் தெரியும் உலகம், பிள்ளைகள் வைத்திருக்கும் ரூலர் நீளம். அதற்கு அப்பால் பலகை, டீச்சரின் முகம், பேருந்தின் எண், எல்லாமே மங்கல். எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருந்தாளாம்.

கண்ணாடி தயாராக நான்கு நாள் ஆனது. அதுவரை அந்த அலுமினியத் தாளைப் பென்சில் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்து, இடது கையால் கண்ணருகே பிடித்துக்கொண்டு, வலது கையால் பலகையைப் பார்த்து எழுதியிருக்கிறாள்.